சுகம் என்று நீ சொன்னது

என் கூடப்பிறந்த செல்லமே, ஜஸ்டின் மக்கா,

ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் அறுப்புப் பண்டிகை. வாழைக்குலையும் சேவலும் வழக்கம்போல ஏலம் போகும். அந்தப் பணத்தை இந்த வருஷம் வலி மருந்து ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். நீ சிரிப்பாய். ஊரைத் திருத்தும் வேலையை உன் அக்கா இன்னும் விடவில்லை.

உன் கூட்டாளி ராஜனின் மகள் ஷைனி திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறாள். நோவு நிற்க வேண்டும், ஆனால் பழக்கமாகி ஆளைப் பிடித்துக்கொள்ளக் கூடாது, அப்படி ஒரு மருந்தைத் தேடுகிறார்கள். "பாதி வழியில பணம் இல்லாம நிக்கு மாமி," என்றாள்.

சபைச் செயலாளர் ஒரே போடாகப் போட்டார். "குளிகைக்கு அடிமையானவனுவளுக்கு சபைப் பணமா? மொதல்ல சபைக்கு மதில் கெட்டணும் டீச்சரே." தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். வேண்டுமானால் ஆராதனை முடிந்ததும் நானே எழுந்து சபையிடம் கேட்கலாமாம். கேட்டால் உன் கதையைச் சொல்ல வேண்டும். அதில் நான் செய்ததும் இருக்கிறதே, மக்கா.

கேரளத்துத் திருப்புறத்தில் பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தாய். அதற்குப் பிறகு உன் முதுகு நேராகவில்லை. டாக்டர் வலிக்குக் குளிகை எழுதித் தந்து, பழக்கமாகிவிடும், பார்த்துக் கொடுங்கள் என்றார். ஒரு நாள் நீ கேட்டாய்: "அக்கா, இன்னொண்ணு தா. அது தின்னா எனக்கு சுகம் உண்டு."

பாறசாலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். சுகம் என்றதும் போதை என்று எடுத்துக்கொண்டேன். உடம்பு தேவலை என்பதை நீ மலையாளத்தில் சொல்லியிருந்தாய். எந்த வார்த்தை எந்தப் பாஷை என்று இந்த எல்லையோரத்தில், நம் வீட்டில் யார் பார்த்தோம்? மறுநாள் முதல் அந்த மாத்திரை அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். தீர்ந்துவிட்டது என்றேன்.

இருமினால் முதுகு பிளக்கிறது என்று நீ இருமலை அடக்கினாய். நெஞ்சில் சளி கட்டி, அதோடு போனாய். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாயா? உனக்கு உண்மையிலேயே பழக்கம் ஆகியிருந்ததா? இருக்கலாம். நோவு, பழக்கம் என்ற இரண்டு பயத்துக்கும் நடுவில் தருவதற்கு அன்று என் கையில் வேறொரு மருந்து இல்லை.

நேற்று உன் வீட்டுக்காரி மெர்ஸியிடம் முதலில் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும் மைனி. அக்காளுக்க பையில உண்டு, கேக்காண்டாம், அவளுக்கு சங்கடம் ஆவும்னு அவிய சொன்னாவ."

தெரிந்தா கிடந்தாய், மக்கா? எனக்காகவா அந்த நோவைத் தின்றாய்?

இனி நீ என்னைக் காப்பாற்ற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை செயலாளர் முகத்துக்கு நேரே எழுந்து நிற்பேன். என் தம்பி மருந்து கேட்டான், நான் ஒளித்தேன் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் பணம் கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் ஒரே அக்கா,
ரோஸ்லின்