பணிஸுக்கு நெய்த பட்டி

நானா,

இன்று விடியற்காலை ஓட்டோவின் பின் சீற்றைத் தூக்கி, அதற்குக் கீழே கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். பழைய ஸ்பானர், ஒற்றைச் செருப்பு, மனிசி நாலு மாதமாகத் தேடும் குடை, எல்லாவற்றுக்கும் அடியில் உங்கள் பட்டி. ஒரு சாண் அகலம், ஐந்து முழ நீளம், பச்சையும் மரூனும் கலந்த கட்டம். வெளியே தூறல். இரண்டு துளி பட்டதுதான் தாமதம், அந்த மணம் எழும்பிவிட்டது. நூலுக்குப் பூசும் கஞ்சியின் மணம். எத்தனையோ தரம் ஆற்றில் ஊறிக் காய்ந்த துணி, இன்னும் உங்கள் தறியை மறக்கவில்லை. நான் தூறலில் நின்று அதை மணந்துகொண்டே இருந்தேன்.

"துணிய மணந்து பார்க்கிற வயசா உங்களுக்கு?" என்று மனிசி குசினிக்குள் இருந்து கேட்டாள். பிறகு குடையைக் கண்டாள். பேச்சு வேறு பக்கம் கிறுகிவிட்டது.

பட்டியைத் தேடியதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று நாளாக எங்கள் நாய் பணிஸ் பின்னங்கால்களை மறுபடியும் இழுக்கிறது.

முதல் தரம் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். சொன்ன கதையையே நான் திரும்பச் சொல்லுவேன், நீங்கள் முதல் தரம் கேட்பதுபோலக் கேட்பீர்கள். ஒன்பது வருடம் உங்கள் நூல் கட்டுகளையும் சாரன் பொதிகளையும் ஏற்றி இறக்கிய ஓட்டோக்காரனுக்கு நீங்கள் காட்டிய சலுகை அது. காத்தான்குடியில் உங்கள் தறி; உங்கள் ஊரில் அண்ணனை நானா என்பீர்கள், நானும் அப்படியே கூப்பிடப் பழகினேன். தெற்கே ஒரு வீதி தாண்டினால் தமிழ் ஊர், அங்கே என் வீடு. இரண்டு ஊருக்கும் சண்டை மூண்ட சில காலங்களில் அந்த ஒரு வீதி கடலைவிட அகலமாகக் கிடந்ததை நாம் இருவருமே பார்த்திருக்கிறோம். அதைப் பற்றிப் பேசாமலே தேநீர் குடித்திருக்கிறோம்.

பணிஸ் என்பது மகள் வைத்த பெயர். நீண்ட உடம்பு, கட்டைக் கால்கள், பேக்கரிப் போறணையிலிருந்து அப்போதுதான் எடுத்த பணிஸ் ரொட்டியின் நிறம். பெயரைக் கேட்ட அன்று சிரித்த சிரிப்பில் உங்களுக்குத் தேநீர் புரைக்கேறியது.

"பேரு மட்டும் ஹலாலாத்தான் வெச்சிரிக்க, தம்பி."

நாயைக் கண்டால் சாரனை ஒதுக்கிப் பிடித்து இரண்டடி தள்ளி நிற்பீர்கள். அதன் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணும் சேர்த்து என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். "எனக்கு நாயோட கோவமில்ல. கிணத்தடிக்குப் போறதுதான் அலுப்பு." பணிஸுக்கோ, தலை தடவ ஊரில் எத்தனையோ பேர் இருந்தும், தடவாத உங்கள்மேல்தான் பித்து. உங்கள் குரல் கேட்டால் வாலோடு சேர்ந்து முழு உடம்பும் ஆடும்.

ஆறு வருடத்துக்கு முந்திய அந்தக் காலை, ஓட்டோ நின்றதும் அது பின் சீற்றிலிருந்து குதித்தது. நான் பழக்கிய குதிப்பு. "ஜம்ப்" என்று நான் சொன்னால்தான் குதிக்கும். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் பாதி அந்தச் சொல். ஏறுகிற ஆட்களுக்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமை அடித்திருக்கிறேன். அன்று குதித்ததும் ஒரு கீச்சுச் சத்தம். முன்னங்கால்கள் எழும்பின, பின்பாதி ஈரச்சாக்குப் போலக் கிடந்தது. பணிஸ் தலையைத் திருப்பித் தன் கால்களைப் பார்த்தது, இவை யாருடையவை என்று கேட்பதுபோல.

கால் பிரண்டிருக்கிறது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். கிளச் கேபிள் தளர்ந்தால் இழுத்துச் சரிசெய்கிறவனுக்கு நாயின் காலும் கேபிள்தானே. நல்லெண்ணெயைச் சூடாக்கி, இழுத்து இழுத்து நீவினேன். அது என் கையைக் கடிக்கவில்லை. கடித்திருக்கலாம்.

மிருக வைத்தியர் ஒரு இளம் பெண். என் எண்ணெய்க் கதையைக் கேட்டுக் கண்ணை மூடித் திறந்தார். "ஐயா, இனி ஒரு விரலும் வைக்காதீங்க," என்றார். முள்ளந்தண்டில் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். கால் விரலை நுள்ளினார், பணிஸ் முனகியது. "நோவு தெரியுது. அதால நம்பிக்கை இருக்கு. நாலு கிழமை குதிக்காம, நடக்காம கூட்டுக்குள்ள கிடக்கட்டும். பிறகு வயித்துக்குக் கீழ துணி குடுத்துத் தூக்கிப் பிடிச்சு, தண்ணிக்குள்ள நடக்க விடுங்க. அதிலயும் ஒரு மாசம் போய் எழும்பாட்டி, அதைக் கஷ்டப்படுத்தாம ஊசி போடுறதப் பத்தி யோசிக்க வேணும்."

மகளுக்கு அப்போது பதினொரு வயது. வருகிற வழியில் நாயை மடியில் வைத்துக்கொண்டு, "நடக்கும்தானே அப்பா?" என்றாள்.

"நடக்கும்," என்றேன். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் தேறாதவன் கொடுத்த உறுதி அது. அவள் நம்பிவிட்டாள். அதுதான் எனக்குப் பயம்.

நாலு கிழமை பணிஸ் எங்கள் கோழிக்கூட்டுக்குள் கிடந்தது. வீடு பறிபோன கோழிகள் வாசலில் நின்று என்னைத் திட்டின. கூடு திறந்த பிறகுதான் அடுத்த பிழை. துவாயை வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கினேன். துவாய் கயிறாய்ச் சுருண்டு வயிற்றை வெட்டியது. சாக்கு கொடுத்தேன், தோல் உரிந்தது. அந்த நேரம்தான் பொதி ஏற்ற ஆள் வரவில்லையே என்று நீங்கள் சைக்கிளில் தேடி வந்தீர்கள். வேலியடியில் நின்று பார்த்தீர்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து நீட்டினீர்கள்.

"வயித்தச் சுத்திப் பிடி. இறுக்காத. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில எவ்வளவு இரிக்கி, அதையும் பாரு."

நான் நாய்க்குச் சட்டை அளவு எடுத்தேன். நீங்கள் இரண்டடி தள்ளி நின்று முடிச்சுப் போட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள்.

மூன்றாம் நாள் பட்டி வந்தது. சாரன் நூலை இரட்டையாகப் போட்டு, ஓரம் சுருளாமல், நடுவில் மெத்தென்று நெய்திருந்தீர்கள். "பாவு நூல் அறுந்தா முடிச்சுப் போட்டுடலாம், தம்பி. ஒதுங்கிப் போனதெண்டா பொறுத்துத்தான் எடுக்கணும். இதுவும் அப்பிடித்தான்." தறியில் நீளவாக்கில் ஓடும் நூலைத்தான் பாவு என்பீர்கள். பணிஸின் முதுகையும் நீங்கள் அப்படியே பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன். அது என் கேபிளை விட எவ்வளவோ மேல்.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு ஆற்றங்கரைக்கு வந்தீர்கள், நெசவு தாங்குகிறதா என்று பார்க்க. வாவியை நாம் ஆறு என்றுதானே சொல்லுவோம். இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் காலைதான் வருகிறது. கண்டல் மரங்கள் பாதிதான் தெரிந்தன, மற்றப் பாதியைப் பனிப்புகார் வைத்துக்கொண்டது. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இல்லை. தூரத்தில் ஒரு தோணி வானத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் பட்டியின் இரண்டு முனைகளையும் பிடித்து நிற்கிறேன். நடுவில் பணிஸ் தொட்டில் பிள்ளைபோல மிதக்கிறது. கால்கள் பாசிபோலத் தொங்குகின்றன. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்களும் இறங்கினீர்கள், எங்களுக்கு முன்னால், ஆறேழு அடி தள்ளி.

பணிஸ் உங்களைக் கண்டது. முன்னங்கால்கள் தண்ணீரை அடித்தன.

"வராதடா பணிஸ், வராத," என்று நீங்கள் பின்னுக்கு ஒரு அடி வைத்தீர்கள். அது இன்னும் உந்தியது. "வராதடா!" இன்னொரு அடி. திடீரென்று உங்கள் குரல் மாறியது. "தம்பி, இடப்பக்கத்துப் பின்னங்கால் அசையிது. அல்லாஹ் மேல ஆணையா அசையிது. நீ விடாத. நான் பின்னுக்குப் போறன்."

அதுதான் நம் வைத்தியம். தினமும் விடிய நீங்கள் வராதே, வராதே என்று பின்னுக்குப் போவீர்கள். அது உங்களிடம் வரப் பாடுபடும். கரையில் கொக்குகளோடு சேர்ந்து மகளும் நின்று எத்தனை அடி என்று எண்ணுவாள். சில நாள் நாம் மூவரும் நடக்கிறோமா, ஆறுதான் நம்மைத் தாண்டி நடக்கிறதா என்றே தெரியாது. இருபத்தைந்து நாள் போனது. கால்கள் தண்ணீருக்குள் உதைத்தன. கரைக்கு வந்தால் மடங்கின. ஊசிக்கு நாள் நெருங்கியது. நானும் நீங்களும் அதை மகளுக்குச் சொல்லவில்லை. அவளும் நம்மிடம் கேட்கவில்லை.

இருபத்தாறாம் நாள் என் கால் சேற்றில் புதைந்தது. இழுத்த இழுப்பில் நான் மல்லாக்க விழுந்தேன். பட்டி கையை விட்டுப் போனது. நான் எழும்பி வாய்த் தண்ணீரைத் துப்பிக் கண்ணைத் துடைத்தபோது பணிஸைக் காணவில்லை. உங்களைத்தான் கண்டேன். நெஞ்சளவு தண்ணீரில், இரண்டு கையாலும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றீர்கள். அது உங்கள் தாடியை நக்கியது. இத்தனை நாள் காத்திருந்த ஆசை அல்லவா, ஒரு மூலை விடவில்லை.

"நானா, நாய் ஈரம் உங்களில பட்டுட்டு," என்றேன். நீரில் மூழ்கி எழும்பியவன் சொல்லும் முதல் பேச்சு!

"தொட்டாக் கழுவு எண்டுதான் சொல்லி இரிக்கி. தண்ணியில தாழட்டும், விட்டுடு எண்டு ஒருத்தரும் சொல்லயில்ல. புடி இத, கெதியா."

எங்கள் கிணற்றடியில் மகள் வாளி வாளியாக அள்ளி ஊற்றினாள். மனிசி பதறிப்போய், "நானா, நல்ல சவர்க்காரம் இருக்கு, தரட்டா?" என்றாள். "மண்ணத் தாங்க தங்கச்சி, அது போதும்." மகள் எண்ணினாள். ஆறாவது வாளிக்கு "ஏழு" என்றாள்.

"ஆறுதான் மகள். நீயும் வாப்பாவப் போலத்தான் கணக்குப் படிச்சிரிக்க."

எல்லாரும் சிரித்தோம். அந்தச் சத்தத்துக்கு என்னவோ என்று பார்க்கத்தான், வெயிலில் காயப் போட்டிருந்த பணிஸ் எழும்பியது. நாலு காலில். இரண்டு அடி உங்களை நோக்கி வைத்தது. பின்பாதி ஒரு பக்கம் சரிந்தது, ஆனால் விழவில்லை. ஏழாவது வாளி மகளின் கையிலேயே நின்றுபோனது. நீங்கள் நனைந்த தாடியோடு பின்னுக்கு நகர்ந்தீர்கள். "வராதடா," என்றீர்கள். அது வந்தது.

போன வருடம் உங்கள் மவுத்துச் செய்தி வந்தபோது நான் பணிஸைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். இதயம், தூக்கத்திலேயே என்றார்கள். கை முழுக்க நுரையும் நாய் மயிரும். அப்படியே ஓட்டோவை எடுக்கப் போனவன் நின்றேன். கிணற்றடிக்குத் திரும்பி வந்து, ஏழு தரம் கழுவினேன், ஒரு தரம் மண் போட்டு. எனக்கு அந்தக் கடமை இல்லை. எண்ணினது மகள். இந்த முறை அவள் பிழைவிடவில்லை. உங்கள் மகன் என்னைக் கண்டு, "வாங்க," என்று வழிவிட்டார். உங்களைச் சுமந்த சந்தூக்கின் ஒரு காலைப் பள்ளிவாசல் வரை நானும் பிடித்து வந்தேன். என் கை சுத்தமாக இருந்தது, நானா.

இன்று தூறல் விட்டதும் ஆற்றில் இறங்கினோம். பணிஸுக்கு இப்போது பல்லிலும் பாதி இல்லை. பட்டி தாங்கியது, ஒரு நூல் விலகவில்லை. உங்கள் இடத்தில், ஆறேழு அடி தள்ளி, மகள் போய் நின்றாள். பதினேழு வயதுப் பெண். "வா பணிஸ், வா," என்று கை நீட்டிக் கூப்பிட்டாள். அது அசையவில்லை. அவளிடம் அவசரமாகப் போகத் தேவையில்லை, எப்படியும் தூக்கிக்கொள்வாள் என்று அதற்குத் தெரியும். அவளைத் தாண்டிப் புகாருக்குள் பார்த்துக்கொண்டு மிதந்தது. இந்த முறை "நடக்கும்தானே?" என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நடக்கும் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு கையை மடக்கி, நனைந்த பாவாடையை ஒதுக்கிப் பிடித்து, பின்னுக்கு ஒரு அடி வைத்தாள்.

"வராதடா பணிஸ்," என்றாள், உங்கள் இழுப்பிலேயே. "வராத."

பணிஸின் காது நிமிர்ந்தது. பட்டிக்குக் கீழே, என் தொடையில், ஏதோ ஒன்று மெல்ல உதைத்தது.