அபிநயா, பிரசன்ட்

நவ. 10, திங்கள்

விடியலிலிருந்து மழை. சிதம்பரத்தில் ரயில் தாமதம். முதுநகரில் இறங்கிப் பள்ளிக்கு ஓட்டம். குடை ரயிலோடு போயிற்று.

வெள்ளிக்கிழமை குழந்தைகள் தினம். உலக நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை பற்றி நான் பேச வேண்டுமாம். படித்தேன். நம் நாடும் சேர்ந்திருக்கிறது. ஆனால் பிள்ளைகளை வேலைக்கு வைப்பது பற்றிய பிரிவுக்கு மட்டும் தனியாக ஒரு குறிப்பு: உடனே முடியாது, படிப்படியாகச் செய்வோம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இன்னும் எத்தனை படியோ. எரிச்சல்.

எட்டாம் வகுப்பு அபிநயா இன்றும் வரவில்லை. இறால் உரிக்கும் கொட்டகையில் இருப்பாள். ஒன்றரை மாதமாக இப்படித்தான். பதிவேட்டில் பிரசன்ட் போட்டேன், வழக்கம்போல. அவள் நின்ற முதல் நாளே அம்மா வந்து கேட்டுக்கொண்டது: "பேர அடிச்சிடாதீங்க டீச்சர். அப்புறம் அவ வரவே மாட்டா."

நவ. 11, செவ்வாய்

வாங்க வேண்டியவை: குடை, சிவப்புப் பேனா, இட்லி மாவு.

காலையில் ஸ்டேஷன் வாசலில் அபிநயா, கொட்டகைக்குப் போகிற வழியில். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "பரீட்சைக்கு வந்துடுவேன் மிஸ்."

தாங்கவில்லை. பிரசன்ட் போட்டுவிட்டு, மதியம் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பெயர் சொன்னேன். அவளுடையதை மட்டும்.

நவ. 13, வியாழன்

சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, என் போன் புகாரை விசாரிக்க அதிகாரி வந்தார். கொட்டகையில் சிறுமி யாரும் இல்லையாம். பின்வழியாக அனுப்பியிருப்பார்கள். பதிவேட்டைக் கேட்டார். ஒரு நாள் விடாமல் பிரசன்ட். எல்லாம் என் கையெழுத்து.

"புள்ள ஒழுங்காத்தான ஸ்கூலுக்கு வருது. வேண்டாதவங்க யாரோ போன் பண்ணிருக்காங்க, இல்ல மேடம்?"

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். ஆமாம் சார் என்றேன். தலைமையாசிரியர் டீ வரவழைத்தார். நானும் குடித்தேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

நவ. 14, வெள்ளி

மழை விட்டது. பேசினேன். நாடு எழுதிவைத்த அந்தக் குறிப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? கைதட்டல், மிட்டாய். அபிநயாவுக்கு ஒன்று எடுத்து வைத்தேன்.

அதிகாரிக்கு உண்மையை எழுதிவிட வேண்டும். இன்று வேண்டாம். அரையாண்டுத் தேர்வு முடியட்டும். பிறகு எழுதுகிறேன், படிப்படியாக.

பதிவேட்டைத் திறந்தேன். அபிநயா, பிரசன்ட்.