ஜூன் ஒன்றில் பிறந்த ஐந்து பேர்

ஏப்ரல் 3, வெள்ளி. வளைகுடா, ரோலா

லீவு. ரூமில் கார்மேகம் அண்ணனின் பழைய லேப்டாப்பில் புது லினக்ஸ் இயங்குதளம் ஏற்றினேன். சாரம் கட்டிக் கட்டி முதுகு போன மனிதர். மே மாதம் ஸ்டோர்கீப்பர் டெஸ்ட், கம்ப்யூட்டரில்தான். தேறினால் வெயிலிலிருந்து ஏசிக்குள்.

எல்லாம் நன்றாகப் போனது, திரை பிறந்த தேதி கேட்கும் வரை. ஏதோ சில நாடுகளில் பிள்ளைகளைக் காக்கச் சட்டமாம். இனி கம்ப்யூட்டரே வயது கேட்குமாம்.

"எந்தத் தேதிப்பா? அம்மா சொன்னதா, வாத்தியார் போட்டதா?" என்றார் அண்ணன்.

வாத்தியார் போட்டது ஜூன் ஒன்று. ரூமில் எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு அதுதான், எனக்கும் சேர்த்து. பள்ளி திறக்கும்போது ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும், வாத்தியார்கள் ஆக்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 4

லேப்டாப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்!

"தேதி மாறிப்போயி ஒருத்தன ஏர்போர்ட்லயே நிறுத்திட்டாங்க. எனக்கு வேணாம்ப்பா."

"அது வெளிய போகாதுண்ணே" என்றேன். போகாதா? எனக்கே தெரியாது. அந்தத் திரைக்குத் தமிழ் எழுதியவனே நான்தான். 'பிறந்த தேதியை உள்ளிடுக' — போன மாதம் என்ன பெருமை! மடையன்.

ஏப்ரல் 6

தம்மாமிலிருந்து ஹிஃப்ஸா பேசினார். எங்கள் மொழிபெயர்ப்புக் குழுவை நடத்துபவர். "பொலம்பி என்ன ஆகப்போகுது? யாரு வேணா மாத்தலாம்னுதானே லினக்ஸத் தொறந்து வச்சிருக்காங்க. அதைச் செய்றவங்களுக்கு எழுதுங்க."

எங்கள் ஜூன் ஒன்று கதையை என் ஓட்டை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

ஏப்ரல் 9

பதில் இல்லை.

ஏப்ரல் 19

பதில்! 'ஐந்து பேருக்கும் ஒரே பிறந்தநாளா?' என்று நம்பாமல் கேட்கிறார்கள். நம்பியும் விட்டார்கள். இனி தேதி கிடையாது. ஒரே கேள்வி: பதினெட்டு வயது முடிந்ததா? சட்டத்துக்கு அது போதுமாம்.

ஏப்ரல் 24, வெள்ளி

திருத்திய பதிப்பு வந்ததும் பெட்டி திறந்தது. அண்ணன் 'ஆம்' என்பதை ஒரு விரலால் ஓங்கி அழுத்தினார். "இதுக்குக் கோயில்ல வந்து சத்தியம் பண்ணுவேன்."

மே 14

அண்ணனின் டெஸ்ட் முடிந்தது. எப்படி என்று கேட்டால் அடி விழும்.

ஜூன் 1

ஐந்து பெயருக்குக் கேக்கில் இடமில்லை என்றார் பேக்கரிக்காரர். '18+' என்று எழுதச் சொன்னேன்.

அண்ணனுக்காகக் காத்திருந்தோம். ஸ்டோரைப் பூட்டிச் சாவி கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டுமாம் இனி. வந்தவரின் சட்டையில் பொட்டு வியர்வை இல்லை.