தூசி நீக்கும் பொத்தான்

உத்தமபாளையம்,
12.6.2005

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

துபாயில் எந்த பிலிம் வாங்குவதென்று கேட்டீர்கள். போனில் சொன்னால் மறந்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். கறுப்பு வெள்ளையில் இரண்டு ரகம் உண்டு. கலர் லேபுக்குக் கொடுத்துக் கழுவுகிற ரகம் வேண்டாம். நிக்காஹ் வீட்டுப் பெண்கள், "படம் வெளி ஆம்பளைக கைக்குப் போயிராதுல்ல?" என்று கேட்ட பிறகுதான் என் கேமரா முன்னால் உட்காருகிறார்கள். வெள்ளி பூசிய பழைய ரகம் வாங்குங்கள். அதை அடுப்படியிலேயே கழுவி, ஸ்கேன் செய்து, நானே பிரிண்ட் போட்டுவிடுவேன்.

ஒரு தப்புச் செய்தேன். ஸ்கேனரில் தூசியைத் தானாக நீக்கும் பொத்தான் இருக்கிறது. வெள்ளி பிலிமுக்கு அது ஆகாதாம். தெரியாமல் அதைப் போட்டு, நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று எடுத்த படத்தை ஸ்கேன் செய்தேன். வெள்ளியைத் தூசி என்று எண்ணி, மிஷின் உங்கள் கன்னத்தையும் சிரிப்பையும் வழித்துவிட்டது. மிஸ்பா பார்த்துவிட்டு, "அத்தாவுக்கு மூஞ்சி எங்கம்மா?" என்றாள். நம் மகளுக்கு உங்களை அந்தப் படத்தில்தானே தெரியும்.

பொத்தானை அணைத்துவிட்டு, நெகட்டிவில் இருந்த தூசியைப் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தட்டி, மறுபடி ஸ்கேன் செய்தேன். பாதி நாள் ஆனது. எனக்கு அவசரமில்லை. முகம் வந்துவிட்டது.

நாலு ரோல் போதும். "பார்சல்ல போட்டா எக்ஸ்ரே பட்டுக் கெட்டுப்போகும்" என்று தேனி கடைக்காரர் சொன்னார். ஊருக்கு வருகிற யாரிடமும் கொடுத்துவிடவும் வேண்டாம், பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். சட்டைப்பையில் வைத்து நீங்களே கொண்டு வாருங்கள்.

நீங்கள் போட்டோக்காரி என்று கூப்பிடுகிறவள்