ஆள்காட்டி கத்தும், முயல் கத்தாது

என் மகளுக்கு அம்மா எழுதுறது. இங்கே முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் நோய்நொடி இல்லாம இருக்கணும். உன் தம்பிக்குத் தண்ணி டேங்க் வேலை நிரந்தரமாயிடுச்சு, குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையும் அடிச்சாச்சு. உன் மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனதை நான் மறக்கலை, அது கிடக்கட்டும். போன மாசம் டேங்குக்குப் பின்னாடி துணி காயப்போடப் போனேன், அங்கே ஆள்காட்டிக் குருவி ஒண்ணு வெறும் சரளையில் நாலு முட்டை வச்சுக்கிட்டு என் தலைக்கு மேலேயே சுத்திச் சுத்தித் தொண்டை கிழியக் கத்துச்சு. பத்தடி தள்ளிப் புல்லுக்குள்ள ஒரு முயல்குட்டி, கண்ணைத் திறந்துக்கிட்டு அசையாம தனியாக் கிடந்துச்சு. இதுவும் தாய், அதுவும் தாயான்னு திட்டிக்கிட்டே குட்டியை மடியில் கட்டிக்கிட்டு வந்துட்டேன். பேனாவுக்கு மை ஊத்துற இங்க் ஃபில்லரில் பால் ஊட்டினேன், மூணாம் நாள் செத்துப்போச்சு. மாட்டு டாக்டர்கிட்ட அந்தத் தாய் முயலைக் கரிச்சுக் கொட்டினேன். அவரு, ஆயா, ஆள்காட்டி கத்தி விரட்டும், முயலுக்கு அது முடியாது, தான் பக்கத்தில் இருந்தா மோப்பம் பிடிச்சு நரி வந்துரும்னு தள்ளியே இருக்கும், பொழுது சாயும்போது வந்து பால் கொடுத்துட்டுப் போகும், அது குட்டியை விட்டுட்டுப் போகலை, நீங்கதான் தூக்கிட்டு வந்துட்டீங்கன்னாரு.

நீ பிள்ளையை என்கிட்ட விட்டுட்டுத் தையல் கம்பெனிக்குப் போன முதல் வாரம், வியாழக்கிழமை, கையில் பொத்தான் அறுந்த நீலச் சட்டை போட்டிருந்தே. உன் மாமியார் காதுபட, ஆள்காட்டிக்கு இருக்கிற பாசம்கூட உனக்கில்லையே, முயல் மாதிரி பிள்ளையைப் போட்டுட்டுப் போறியேன்னு கேட்டேன். நீ வாயே திறக்கலை. சாயங்காலமானா ஓடி வருவே, செருப்பைக்கூடக் கழட்டாம பிள்ளையைத் தூக்குவே. அதைக் கண்ணால பார்த்துக்கிட்டே, அவளுக்கு விவரம் தெரிஞ்சதும், உங்கம்மாவுக்கு நீ வேண்டாம்டின்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவ உன்கிட்ட வராம என் காலைக் கட்டிக்கிட்டப்போ உள்ளுக்குள்ள குளிர்ந்துபோனேன். அதனாலதான் நீ அவளைக் கூட்டிக்கிட்டு அத்தனை தூரம் போனே. நாலு வருஷமா அவகிட்ட நீ போனைக் கொடுக்காதது உன் திமிருன்னு பார்க்கிறவங்ககிட்டெல்லாம் சொன்னேன். திமிரு என்னுதுதான்.

மன்னிச்சுடுன்னு எழுதக் கை வரமாட்டேங்குது, எப்படியோ எழுதிட்டேன், படிச்சுக்கோ. மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா நல்லா இருங்க. மழையில் நனையாதே, உனக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன். நீ என்கிட்ட பேசவேண்டாம், அவகிட்ட ஒரு நிமிஷம் கொடு. அம்மாவுக்கு நீ வேண்டாம்னு பாட்டி சொன்னது பொய்னு என் வாயாலேயே சொல்லிட்டு வச்சுடறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவ