இரண்டாவது கேள்வி

செப்டம்பர் 9
தலைமையாசிரியை ஹேன்லி காலையிலேயே என் மேசைமுன் வந்து நின்றார். அக்டோபர் முதல் புதன்கிழமை எண்ணிக்கை நாள். அன்று இருநூற்றைம்பது பிள்ளைகளாவது வகுப்பில் இல்லையென்றால், மூடப்போகும் பள்ளிகளின் பட்டியலில் எங்கள் ஹாலோவே பள்ளியும் சேரும். பதிவேட்டில் 254 பேர். பயமில்லை என்றேன்.

லவோன்யா பிரிட்ஜஸுக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. அவளுடைய மூன்று பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். கொடுத்திருப்பது அவள் அக்காவின் விலாசமாம். இருபத்திரண்டு வருடமாக இந்த அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறேன், என்னிடமேவா?

செப்டம்பர் 11
பள்ளி விட்டதும் அவர்கள் பின்னால் காரில் போனேன். நினைத்தது சரி. நகர எல்லைச் சாலையைத் தாண்டி ஒரு மஞ்சள் வீட்டுக்குள் போனார்கள். அது வேறு பள்ளி வட்டாரம்; அங்கே வசிப்பவர்கள் இங்கே படிக்க முடியாது.

விலாசம் சரிபார்க்கும் படிவத்தில் இரண்டு கேள்விகள். எல்லைக்கு வெளியே வசிக்கிறார்களா? ஆம். வீட்டை இழந்து பிறர் வீட்டில் தங்கியிருக்கிறார்களா? இல்லை. கையெழுத்திட்டுப் பள்ளி வாரியத்துக்கு அனுப்பினேன்.

செப்டம்பர் 16
பிரிட்ஜஸ் பிள்ளைகளின் பெயரை அடித்தாயிற்று. மூத்தவள் இமானி பையோடு என்னிடம் வந்தாள். “நாங்க என்ன தப்பு பண்ணோம், மிஸ் டெல்ஃபின்?”

நீ ஒன்றும் பண்ணவில்லை என்றேன்.

அக்டோபர் 1
எண்ணிக்கை நாள். பிள்ளைகளை வரவைக்க விடியற்காலையே அப்பம் சுட்டுவைத்து, வராத பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் போன் செய்தோம். காய்ச்சலில் இருந்தவனைக்கூடக் கம்பளியில் சுற்றிக் கூட்டிவந்தார்கள். ஆனால் போன வாரம் ஒரு குடும்பம் மூன்று பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டது.

248.

நவம்பர் 20
பட்டியல் வந்துவிட்டது. ஹாலோவேயும் இருக்கிறது.

ஜனவரி 14
உடற்பயிற்சிக் கூடத்தில் வாரியத்தின் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆளுக்கு இரண்டு நிமிடம். லவோன்யா வந்திருந்தாள்! நர்ஸிங் ஹோம் சீருடையிலேயே மைக் முன்னால் நின்றாள்.

“என் புள்ளைங்க இப்ப இங்க படிக்கல. ஜூலைல எங்க வீடு போயிடுச்சு. மாமியார் வீட்டு ஹால்லதான் நாலு பேரும் படுத்துக்கிறோம். அந்தக் கஷ்டத்துலயும் என் பசங்க சிரிச்சிக்கிட்டு வந்தது இந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான். இதை மூடாதீங்க.”

வீடு போய்விட்டது. வீட்டை இழந்த பிள்ளை எங்கே படுத்தாலும் பழைய பள்ளியிலேயே படிக்கலாம் — சட்டமே அப்படித்தான். அதற்குத்தானே அந்த இரண்டாவது கேள்வி! நான் கேட்கவே இல்லையே. கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதினேனே. 248-ம் மூன்றும் 251. கடவுளே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்?

ஜனவரி 15
ஹேன்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அன்னிக்கு வகுப்புல உட்கார்ந்திருந்த பிள்ளைதான் கணக்கு, டெல்ஃபின். இனிமே திருத்த முடியாது. போய் வேலையைப் பாரு.”

திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 10
வாரியத்தில் வாக்கெடுப்பு. ஐந்துக்கு இரண்டு. மூடுகிறார்கள்.

பிப்ரவரி 14
அந்த மஞ்சள் வீட்டுக்குப் போனேன். லவோன்யா உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் பனியில் நின்றபடியே சொன்னேன்: எழுதிக்கொடுத்தது நான்தான்.

“தெரியும், மிஸ் டெல்ஃபின். அன்னிக்கே தெரியும். உங்க கார் அந்த மூலைல நின்னுச்சே.”

“அப்புறம் ஏன் கூட்டத்தில என் பேரைச் சொல்லல?”

“சொல்லி? உங்க வேலையும் போகணுமா?” கதவைப் பாதி சாத்தியவள் நின்றாள். “பசங்கதான் உங்களுக்குக் கை ஆட்டுச்சுங்க. நாங்க பத்திரமா வீடு வந்து சேர்ந்தோமான்னு பார்க்க வந்தீங்கன்னு நினைச்சிக்கிட்டிருக்குங்க. நான் மாத்திச் சொல்லல.”

கதவு மூடியது. காரில் உட்கார்ந்து அழுதேன். அவர்கள் கை ஆட்டியதை நான் கவனிக்கவே இல்லை. வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஜூன் 12
கடைசி நாள். நாற்காலிகளை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

வாரியத்திலிருந்து கடிதம். ஹாலோவே அலுவலகத்தில் என் ஒருத்திக்குத்தான் வேறிடம் கிடைத்திருக்கிறது. தலைமை அலுவலகம், விலாசம் சரிபார்க்கும் பிரிவு. ‘உங்கள் துல்லியமான பணியைக் கருதி’ என்று எழுதியிருக்கிறார்கள்.

ஐம்பத்தெட்டு வயது. வேறு யார் கூப்பிடுவார்கள்?

கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.