கிண்ணத்தில் மஞ்சள் கரு மட்டும்

என்னங்க,

ரேணிகுண்டா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சோறும் கீரைக்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுங்கள். அட்டை முந்தாநாள் இருந்தபடியே இருக்கிறது.

நேற்று நான் வேலைக்குப் போனபிறகு உங்கள் அக்கா வந்தார்களா? "யாரும் வர்ல தாட்சா, நான் தூங்கிக்கினு இருந்தேன்" என்றீர்கள். ஃபிரிட்ஜில் கிண்ணத்தில் மஞ்சள் கரு மட்டும் இருக்கிறது. வெள்ளைக்கரு எங்கே போனது? இந்த வெயிலில் காலை மூடிப் போர்வை வேறு. பக்கத்தில் வந்தால் பச்சிலை வாசனை.

எலும்பு முறிந்தால் வெள்ளைக்கருவும் பச்சிலையும் வைத்துக் கட்டுப் போடுவார்கள், சரி. உங்களுக்குக் கால் எலும்புக்குள்ளேயே சீழ். "வலி போச்சுன்னு மாத்திரைய நிறுத்தாதீங்க, புண்ணுமேல எதையும் பூசாதீங்க. மறுபடி சீழ் வெச்சா இன்னும் எலும்பச் சுரண்டணும்" என்று திருப்பதி டாக்டர் சொன்னபோது தலையாட்டினீர்களே!

மதியம் என் தம்பி திலீப் ஆட்டோ கொண்டுவருவான். டாக்டரிடம் போங்கள், நான் வேலை முடிந்து நேராக அங்கே வருகிறேன். பைக் சாவி என் பையில்தான் இருக்கிறது, தேடாதீர்கள்.

தாட்சாயணி

பி.கு. மஞ்சள் கருவைப் பொரித்துச் சோற்றின்மேல் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கட்டுக்குள் என்ன இலை வைத்தார்கள் என்று டாக்டர் கேட்பார். என்னிடம் மறைத்ததை அவரிடமாவது சொல்லுங்கள். முதலில் கால் பிழைக்கட்டும்; நம் சண்டை எங்கே போய்விடப்போகிறது?